துலிப் இல்லாத ஆகஸ்டில் ஃபான்

கூக்கன்ஹாஃப் பூந்தோட்டம் என்றாலே துலிப் பூக்கள்தான். நான் போன ஆகஸ்டில் ஒரு பூகூடக் கிடையாது. நெதர்லாந்தின் லைடன் ரயில் நிலையத்தில் பஸ் ஏறி லிஸ்ஸே ஊரில் இறங்கினேன். அங்கே கூக்கன்ஹாஃபின் பழைய மாளிகைத் தோட்டத்தில் 2005 முதல் காசில்ஃபெஸ்ட் என்ற விழா நடக்கிறது. ஃபான் இசைக்குழுவை நேரில் கேட்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

ஃபான் ஜெர்மனிக் குழு. முதல் ஆல்பம் வந்தது 2002இல். ரோமானியரின் காட்டுத் தெய்வமான ஃபானஸின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் இசையை 'பேகன் ஃபோக்' என்கிறார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன் ஐரோப்பா கும்பிட்ட காடும் நிலவும் பருவங்களும் அந்தப் பாட்டுகளில் இருக்கும். 2009இல் வந்த அவர்களின் கதைப்பாடல் ஆல்பத்தில் உள்ள 'டாம்லின்' வழியாகத்தான் எனக்கு அறிமுகம். அது ஸ்காட்லாந்துக் கதை. வனதேவதைகளின் பிடியில் இருக்கும் காதலனைக் குதிரையிலிருந்து இழுத்துக் கட்டிக்கொள்கிறாள் ஒரு பெண். அவன் பாம்பாகிறான், காட்டு மிருகமாகிறான், தீக்கங்காகிறான். அவள் பிடியை விடவே இல்லை. ஜெர்மன் தெரியாமலே அந்தப் பாட்டில் அழுதிருக்கிறேன்.

விழாவின் கடைத்தெருவில் ஹர்டி-கர்டி என்ற தந்தி வாத்தியம் செய்கிற ஒருவர் தன் கருவியின் மூடியைத் திறந்து காட்டினார். வில்லுக்குப் பதிலாக உள்ளே மரச்சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் அது தந்திகளை உரசும். உரசும் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் பஞ்சு சுற்றியிருந்தது. ஒன்றில் மட்டும் பஞ்சை எடுத்துவிட்டுச் சுற்றினார், பல் கூசியது. பஞ்சைத் திரும்ப வைத்ததும் குரல் கனிந்தது. மெட்டு மேலே எங்கே அலைந்தாலும் அடியில் இரண்டு மூன்று தந்திகள் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கின்றன. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ரீங்காரம் அந்நியமாகவே படவில்லை.

மாலையில் ஃபான் மேடையேறியபோதும் முதலில் வந்தது அந்த ரீங்காரம்தான். பிறகு ஸ்வீடனின் நிக்கல்ஹார்பா சேர்ந்தது. பிடில் போல வில்லால் வாசிப்பார்கள், ஆனால் சுரங்களுக்குக் கட்டைகள். இன்று பரவலாக உள்ள வகையில் 16 தந்திகள். அவற்றில் 12 தந்திகள் மற்றவற்றோடு சேர்ந்து அதிர்வதற்கு மட்டும். 1350 வாக்கில் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் உள்ள ஒரு தேவாலய வாசலில் செதுக்கிய சிற்பத்தில்கூட இதன் மூதாதை இருக்கிறது. இத்தனை பழமைக்கு அடியில் எலக்ட்ரானிக் தாளமும் ஓடுகிறது. அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. கூட்டம் ஆடியது அந்தத் தாளத்தில்தானே! கிழவிகள், குழந்தைகள், தலையில் கொம்பு வைத்த இளைஞர்கள், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கைகோத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கேட்காமலே என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை இரவு, குச்சிகளால் பின்னி நிறுத்திய பெரிய உருவத்துக்குத் தீ வைத்தார்கள். பகலெல்லாம் மக்கள் அதற்குள் சீட்டுகளும் சின்னச் சின்னப் பொருள்களும் செருகியிருந்தார்கள். நானும் இறந்துபோன என் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். முரசு அதிர அதிர, அந்தச் சீட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.