பதினொரு நாள் கட்டிப்போட்ட கைகள்

அம்மாவை முதியோர் ஹோமில் சேர்த்தபோது நான்கு பக்க விண்ணப்பம் நிரப்பினோம். சர்க்கரை உண்டா, சைவமா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் கேட்டிருந்தார்கள். நிலைமை மோசமானால் எதுவரை போகலாம் என்ற கேள்வி அதில் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தால் அபசகுனம் என்று யாராவது வாயை அடைத்திருப்பார்கள். அப்போது அம்மாவுக்கு நாள் கிழமை குழம்புமே தவிர, தனக்கு என்ன வேண்டும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது. அந்த ஒன்றரை வருடத்தை வீணடித்துவிட்டோம்.

போன ஆடியில் ஒரு ராத்திரி சிஸ்டர் போன் செய்தார். இட்லி ஊட்டும்போது புரையேறி, காய்ச்சலும் வந்து மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது டியூட்டி டாக்டர் கையில் ஃபார்ம். ஐசியூ, சாப்பாட்டுக்கு மூக்கு வழியாக டியூப், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், கையெழுத்துப் போடுங்க. போட்டேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வது? மூக்கில் எதற்கு டியூப் என்று அம்மாவுக்குப் புரியவில்லை, பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார், அதனால் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். பதினொரு நாள்.

திரும்பி வந்தபிறகு, ஹோமுக்கு வாரம் இருமுறை வரும் டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றினால் விழுங்குவதுகூட மறந்துபோகும், டியூப் வைத்தாலும் எச்சில் நுரையீரலுக்குள் போவதைத் தடுக்க முடியாது, ஆயுள் கூடும் என்பதற்கும் ஆதாரமில்லை என்றார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 2014-ல் இந்தக் கட்டத்தில் டியூப் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறதாம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பாஸ்டன் பக்கம் 22 நர்சிங் ஹோம்களில் டிமென்ஷியா முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்து 2009-ல் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் இறந்துபோனார்கள், நூற்றில் 86 பேருக்குச் சாப்பிடுவதில் சிக்கல் வந்திருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று வீட்டார் புரிந்துவைத்திருந்தவர்களுக்குக் கடைசி மாதங்களில் இந்த மாதிரிப் பாடு குறைவாக இருந்தது என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லையே.

டியூப் வேண்டாம் என்றதும் டல்லஸில் இருக்கும் அண்ணன், "அம்மாவைப் பட்டினி போடப் பாக்கறியா?" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. (தூரத்தில் இருந்துகொண்டு எல்லாம் செய் என்று குதிக்கும் பிள்ளைக்கு அமெரிக்க டாக்டர்கள் 'கலிபோர்னியா மகள்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை.) நான்காவது வாரம் டாக்டரையே வீடியோ காலில் பேசவைத்தேன், சரி என்று இறங்கிவந்தார்.

அம்மாவிடம் கேட்க வேண்டாமா? ஊட்டிவிடும் ஆயா சொன்னார்: "காலைல காப்பி குடிச்சதும் கேளுங்க, பொழுது சாஞ்சா யாரையும் தெரியாது." போனேன். என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போலாமாம்மா?" என்றேன். பதில் இல்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

இதைச் சம்மதம், மறுப்பு என்று எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளாது. கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது லிவிங் வில். 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அதை, புத்தி தெளிவாக இருப்பவர்தான் எழுத முடியும். அம்மாவுக்கு அந்தக் காலம் போய்விட்டது. நாங்கள் எழுதியது வெறும் ஒரு தாள்: டியூப், வென்டிலேட்டர் வேண்டாம், காய்ச்சலுக்கு ஹோமிலேயே மருந்து, எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி, வலிக்கு எப்போதும் மருந்து உண்டு, கையைக் கட்டக்கூடாது. அண்ணனும் நானும் டாக்டரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு நகல் ஃபைலில், இன்னொன்று நைட் டியூட்டி சிஸ்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில். ராத்திரி இரண்டு மணிக்கு யார் ஃபைலைப் புரட்டுவார்கள்?

அப்புறம் எனக்கும் ஒரு லிவிங் வில் எழுதினேன். 2023-ல் விதியைத் தளர்த்திவிட்டதால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம், இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும். நோட்டரி தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உயில்னு சொன்னீங்க, சொத்து விவரம் எங்கம்மா?"