குறுந்தொகை 25: கடைசி அடியில் நிற்கும் அந்த ‘தான்’

கபிலரின் இந்தப் பாட்டு ஒருவழியாக முழுசாகப் பிடிபட்டது. எத்தனையோ பேர் எழுதிவிட்ட பாட்டுதான், ஆனாலும் அலகிட்டு, அதாவது அசை அசையாக, சீர் சீராகப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி சொல்வது இது: அவன் என்னைச் சேர்ந்த அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான்; அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசிய காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு (நீர்ப்பறவை) இருந்தது, அவ்வளவுதான். யாப்பு நேரிசை ஆசிரியப்பா, ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீர், சரி. முதலடியைப் பாருங்கள், நாலு சீரும் தேமா, அதாவது நேர் நேர் (ஒற்றை விட்டுவிட்டால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை). யாரும் இல்லை, அவன் மட்டும்தான், அவனும் கள்வன் என்று ஒரே தட்டாகத் தட்டிச் சொல்கிறாள். அப்புறம் குருகு வரும் இடத்தில், தினைத்தாள் தொடங்கி ஆரல் வரைக்கும், தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம்) பெரும்பாலும் இயற்சீர் வெண்டளையாகிவிடுகிறது, அதாவது நேரில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்குகிறது, நிரையில் முடிந்தால் நேரில். குரல் இளகி நினைவுக்குள் போகிறது. முறையிட வந்தவளுக்குச் சாட்சியின் கால் பச்சையா மெல்லிசா என்பது எதற்கு? அன்று அவள் தலை குனிந்திருந்தாள், கண்ணில் பட்டது அந்தக் கால்தான் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்தக் குருகும் ஆரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களை அல்ல.

படுத்தி எடுத்தது கடைசி அடி. பொருள்படி ‘தான் மணந்த’ என்பது ஒரு தொடர். அப்படியே சீராக்கினால் ‘தான்மணந்த’ கூவிளங்காய் (நேர் நிரை நேர்). தளை ஒன்றும் கெடாது, இலக்கணம் அனுமதிக்கும், ஆனால் இயற்சீராகவே (ஈரசைச் சீராகவே) நடந்து வந்த பாட்டில் அந்த மூவசைக் காய்ச்சீர் துருத்திக்கொண்டு நிற்கிறது. ‘உண்டுதான்’ என்று வகையுளியாக, அதாவது பொருளை விட்டுச் சீருக்காகப் பிரித்தால் கூவிளம் (நேர் நிரை), அடுத்து ‘மணந்த’ புளிமா (நிரை நேர்). அதாவது நிரைக்குப் பின் நிரையே வரும் நிரையொன்றாசிரியத்தளை, பாட்டு முழுக்க அது வருவது இந்த ஓர் இடத்தில் மட்டும்! வாய்விட்டுப் படித்தால் ‘தான்’ என்று இழுத்து நின்று, பிறகுதான் ‘மணந்த’ வருகிறது. சொல்லக் கூசி நிற்கிற நிறுத்தம் அது. முதல் இரண்டு அடியிலும் சீரின் தலையில் நின்று குற்றம் சாட்டிய அதே ‘தான்’, இங்கே சீரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்று, பதம் பிரித்த பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள், இந்த இடமெல்லாம் கண்ணுக்கே தெரியாது. நான் உ.வே.சா.வின் 1937 பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், பாடபேதமும் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களும்) அதிலேயே இருக்கிறது.

இதில் எதுகை மோனையை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் கை 40-ஆம் பாட்டுக்குப் போய்விட்டது. ‘யாயும் ஞாயும் யாரா’ வரை அங்கேயும் மூன்று தேமா. கடைசி அடியிலோ ‘தாங்கலந் தனவே’, மறுபடியும் வகையுளி, இந்த முறை ‘தாம்’. அங்கே அது சீரின் தலையில் நிற்கிறது, வெட்டு விழுவது ‘கலந்தன’வின் நடுவில். அதைத்தான் இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.