அம்மாவின் இமை அறுவை சிகிச்சை: எங்கள் அனுபவம்

"வயசானா இமை தொங்கத்தான் செய்யும்." திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அம்மாவிடம் சொன்னது இதுதான். ஆனால் அம்மா தையல் தைப்பவர். துணியில் கோடு போடும்போது ஒரு விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பஸ் போர்டு படிக்க முகவாயை உயர்த்துவார். நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்கியே பார்ப்பதால், சாயங்காலம் ஆனால் நெற்றி வலி, கழுத்து வலி. கண்ணாடியை மாற்றியும் பலன் இல்லை. இமை கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை, மறைத்தால் மேல்பக்கப் பார்வை போய்விடும். அதற்குக் கண்ணாடி பவர் என்ன செய்யும்?

கடைசியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். இப்படி இமை தொங்குவதை டாக்டர்கள் டோசிஸ் என்கிறார்கள். ஆபரேஷன் பேச்சை எடுக்கும் முன் காரணத்தைத் தேடியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாப்பாவின் நடுவிலிருந்து இமை விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். பொதுவாக 4, 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம்; அம்மாவுக்கு ஒன்றுதான். கண் சிமிட்டாமல் மேலேயே பார்க்கச் சொன்னார்கள். மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்தார்கள். மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் இருந்தால், ஐஸ் வைத்ததும் இமை கொஞ்சம் உயருமாம். அந்த நோய்க்கு முதலில் மாத்திரைதான். அம்மாவுக்கு அது இல்லை. பிறகு பார்வைப் பரப்புச் சோதனை. ஒருமுறை சாதாரணமாக, இன்னொரு முறை இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டிவிட்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோது, முதல் தாளின் மேல்பாதியில் இருந்த கறுப்பு, அதாவது பார்வை தெரியாத இடம், இரண்டாவதில் அநேகமாக இல்லை. இது அழகுக்கான ஆபரேஷன் என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு அந்தத் தாள்களையே காட்டினேன்.

இமையைத் தூக்கும் தசை நன்றாகவே இருக்கிறது, அதன் நுனி தளர்ந்து விலகிவிட்டது என்றார் டாக்டர். வயதாலும் வரும், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு வரும். அதை இழுத்துத் தைத்துவிடலாம். தசைக்கே பலம் இல்லாவிட்டால் இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் இழையால் இணைப்பார்களாம்.

அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி மட்டும்தான் போட்டார்கள். நடுவில் "கண்ணைத் திறங்கம்மா, மேலே பாருங்க" என்று சொல்லிப் பார்த்துத் தையலைச் சரிசெய்தார்களாம். ஊசி குத்தியதுதான் வலித்தது என்றார் அம்மா.

அப்புறம் வீக்கம், நீலம் பாய்ந்த இமை, ஐஸ் ஒத்தடம். தூக்கத்தில் கண் முழுதாக மூடவில்லை. ராத்திரி ஆயின்ட்மென்ட் தடவினோம். வலது இமை லேசாக இறங்கியது. மூளை இரண்டு இமைக்கும் ஒரே கட்டளையைத்தான் அனுப்புகிறது, அதனால் ஒன்றைத் தூக்கினால் மற்றது கொஞ்சம் இறங்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. கழுத்து வலி படிப்படியாகக் குறைந்தது. கண் உலர்வதால் இன்னும் சொட்டு மருந்து போடுகிறார்.

பிறந்த குழந்தைக்கு இமை தொங்கினால் வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணின் பாப்பா மறைந்தே இருந்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். திடீரென்று இமை தொங்கி, தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்து வந்தால், நரம்போ மூளை ரத்தக்குழாயோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். அம்மாவுடையது போல மெதுவாக வந்தது என்றால் பழைய போட்டோ இரண்டை எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.