உயிர்ச் சான்று மாதம்

இலையுதிர் காலம் என்றால் படங்களில் காட்டுவது சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு காடு, அக்டோபர் நவம்பர், கோட்டு போட்டு நடக்கிற ஆட்கள். எங்கள் பென்னாகரம் பக்கம் அந்த மாதங்களில் மழை ஈரத்தில் எல்லாம் பச்சையாகத்தான் கிடக்கும், மானாவாரிக் கேழ்வரகு அறுப்புக்கு நிற்கும், ஊடே போட்ட அவரை பூத்திருக்கும். குளிர் நாடுகளில் வெளிச்சமும் சூடும் குறையும்போது மரம் இலையை விடுகிறது, இங்கே தண்ணீர் குறையும்போது விடுகிறது, அதனால் நமக்கு அது மாசி பங்குனியில்தான். அப்போது ஒகேனக்கல் மலைப்பாதையில் போனால் காடு மொத்தமும் மொட்டையாய் இருக்கும், புங்க மரம் மட்டும் பழசை உதிர்த்த கையோடு தளதளவென்று துளிர் விட்டிருக்கும்.

ஆனாலும் போவது, இருப்பது பற்றிய நினைப்பெல்லாம் எனக்கு நவம்பரில்தான் வருகிறது. காரணம் என் வேலை.

நான் ஒரு கிளை அஞ்சலகத்தில் இருக்கிறேன். ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசு வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் போனபின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிமார்கள், எல்லோரும் வருஷா வருஷம் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே தொடங்கிவிடும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும், பிறகு கொடுத்தால் நிலுவையோடு வரும். 2014 நவம்பரில் இதை டிஜிட்டலாக்கினார்கள், அப்புறம் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுக்கும் வசதியும் வந்தது, அதற்கு 70 ரூபாய். அதனால் நவம்பரில் நான் கைரேகை மெஷினும் செல்போனுமாக ஊர் ஊராகப் போவேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளிருந்து குரல் வரும், "நான் இருக்கேனா போயிட்டேனானு பாக்க வந்துட்டியா கண்ணு?" அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கேள்விதான், எல்லோரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

சிக்கல் ரேகையில். வயதானால் தோல் வறண்டு ரேகை மங்கும், அதிலும் களை வெட்டி, பாத்திரம் தேய்த்து, புளி தட்டி வாழ்ந்த கைகளில் தேடத்தான் வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்து அழுத்தி, அதுவும் ஆகாவிட்டால் இப்போது முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேமரா முன்னால் கண்ணை மூடித் திறக்க வேண்டும், புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை என்று தெரிவதற்காக. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஆயாவால் சொன்ன நேரத்தில் இமைக்க முடியாது, சொல்லாத நேரத்தில் இமைத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு பெரியவர், ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். நான் போகும்போதெல்லாம் தன் ரேகையை வைத்துவிட்டு உடனே தகரப் பெட்டியைத் திறப்பார். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தபோது மனைவியின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், இவர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரையே சொல்லிவிட்டார். சர்வீஸ் புத்தகத்தில் ஏறி, ஓய்வூதிய ஆணையிலும் அதுவே வந்துவிட்டது. ஆதாரில் வேறு பெயர். தான் போன பிறகு குடும்ப ஓய்வூதியம், அதாவது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அந்தம்மாவுக்கு வருவதற்கு இந்தப் பெயர் குறுக்கே நிற்கும் என்று யாரோ சொன்னதில் இருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. பிரமாணப் பத்திரம் எழுதி, கூட்டுப் புகைப்படம் எடுத்து, டிவிஷன் ஆபீசுக்கு அலைந்தார். கூடவே அந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினார், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். அந்தம்மா, "கூப்புடுற பேரப் போயி கவுருமெண்டுல எழுதுவாங்களா, கேளு நல்லா" என்று என்னிடம் புகார் சொல்லும். அவர் பதிலே பேசமாட்டார், அடுத்த எழுத்தைக் காட்டுவார்.

காதல் என்ற வார்த்தையை அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கென்னவோ அந்தப் பெட்டிதான் அது. பாஸ்புக், ஆணை, ஜெராக்ஸ், எந்தத் தாள் எதற்கு என்று அடையாளம் வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் நூல், ஏனென்றால் அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

பெயர் திருத்தம் வந்து சேர்ந்தது. அடுத்து வந்த நவம்பரில் என் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் அந்தம்மாவின் பெயர், ஆதாரில் உள்ள பெயர். மஞ்சள் நூல் கட்டிய தாளைத் தானாகவே எடுத்து நீட்டியது. ரேகை விழவில்லை, முகத்தில்தான் எடுத்தோம், கண்ணை மூடித் திற ஆயா என்றபோது கொஞ்ச நேரம் மூடியே இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. சான்று ஏறியதும், "இதுல எந்தப் பேரு வருது?" என்று கேட்டது. சொன்னேன். "அந்தப் பேர்ல என்ன யாரும் கூப்புட்டதில்ல" என்றது.

இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் நடுகல் இருக்கிறது, மாடு மீட்டுச் செத்தவன், சண்டையில் செத்தவன், வேடியப்பன் என்று இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அவன் வீட்டில் இருந்தவள் அதற்குப் பிறகு எதை வைத்துச் சாப்பிட்டாள் என்று கல்லில் பார்த்த ஞாபகம் இல்லை. தபால் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்து, உங்க இன்சூரன்ஸ், பிஎஃப் எல்லாத்துலயும் நாமினி யாரு, எடுங்க பாப்போம் என்றேன். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு?" என்று எரிந்து விழுந்தார். எடுத்துப் பார்த்தால், ஒரு பாலிசியில் இன்னமும் அவருடைய அம்மா பெயர். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. நாமினி மாற்றும் பாரத்தைப் பூர்த்தி செய்து வண்டி டேங்க் கவரில் வைத்து அனுப்பினேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன் என்றார், அதற்குப் பிறகு நிறைய திங்கட்கிழமை வந்துவிட்டது, பாரம் இன்னும் டேங்க் கவரில்தான் இருக்கிறது.