கூ என்றால் அடி, ஆனால் பயப்படாதீர்கள்

பாரிஸில் ஒரு மாடிப்படி. மூன்று மாதமாகப் பிரெஞ்சு படிக்கிற ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார். இவரைப் பார்த்ததும், "எனக்கு ஒரு கூ து மேன் கொடுக்க முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்கிறார். அகராதியில் கூ என்றால் அடி, மேன் என்றால் கை. நம்மவர் இரண்டு படி கீழே இறங்கிவிடுகிறார். பாவம், அந்த அம்மா கேட்டது ஒரு கை கொடுக்கச் சொல்லித்தான்.

எழுத்தில் இந்தக் கூவுக்கு நான்கு எழுத்து: coup. கடைசியில் நிற்கும் 'ப்' வாயே திறக்காது. கழுத்துக்கும் கூ, செலவுக்கும் கூ, எழுத்துதான் வேறு. மூலம் 'கன்னத்தில் அறை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல், லத்தீன் வழியாக வந்தது. 'மிக்க நன்றி' என்று தினமும் சொல்கிற 'மெர்சி போக்கூ'வில் இருப்பதும் இதே கூதான். போ என்றால் அழகான. அழகான ஓர் அறைதான் தேய்ந்து தேய்ந்து 'நிறைய' என்று ஆகிவிட்டது.

தமிழ் தெரிந்தவருக்கு இதெல்லாம் புதிதா என்ன? போன் அடிக்கிறோம், காற்று அடிக்கிறது, அதிர்ஷ்டம் அடிக்கிறது, சிலர் தண்ணி அடிக்கிறார்கள். பிரெஞ்சிலும் அப்படியே: போனுக்கு கூ து ஃபில், காற்றுக்கு கூ து வான், அதிர்ஷ்டத்துக்கு கூ து ஷான்ஸ், தண்ணிக்கு 'ஒரு கூ குடிப்பது'. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அவர்களுக்கு ஒரே கல்லில் இரண்டு கூ. மாங்காய் மட்டும் இல்லை.

இந்த ஒற்றுமையை நம்பித்தான் வழுக்கி விழுகிறோம். 'வெயில் அடிக்குது' என்பதை அப்படியே பெயர்த்து 'கூ து சொலேய்' என்றால், தோல் வெந்து சிவந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டவர் களிம்பு தேடுவார். வெறும் வெயிலுக்கு 'இல் யா த்யூ சொலேய்' போதும். கூ து ஷலேர் இன்னும் ஆபத்தானது. அது வெப்பத்தாக்கு. உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினால் 15-க்கு (பிரான்சின் அவசர மருத்துவ எண்) போன் போட வேண்டிய சங்கதி. மருந்துக் கடையில் இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

கண்ணும் அப்படித்தான். அலுவலகத்தில் ஒருவர் காகிதத்தை நீட்டி 'கூ தெய்' கேட்டால் கண்ணடிக்கச் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்க்கச் சொல்கிறார். கண்ணடிப்பதற்கு 'கிளன் தெய்' என்று தனிச்சொல் உண்டு.

வினைச்சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். உதவியைக் கொடுக்கிறார்கள், பார்வையை எறிகிறார்கள், போனைக் கடத்துகிறார்கள் (பாஸே), வெயில் காயத்தை வாங்கிக்கொள்கிறார்கள். பார்வையை எறியாமல், கண்ணில் ஒரு கூ கொடுத்தேன் என்று கோர்த்துவிட்டால் அது குத்துச்சண்டை. உதவியிலும் 'து மேன்' என்ற வால் முக்கியம். அவருக்கு ஒரு கூ கொடுத்தேன் என்று மொட்டையாக நிறுத்தினால் அடித்தேன் என்றே எடுத்துக்கொள்வார்கள். மேனுக்குப் பதில் பியே (பாதம்) என்று வாய் தவறினால் உதை.

சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளியே வருகிறவர் 'கூ து ஃபுஸி' என்று முனகினால் துப்பாக்கிச் சத்தம் தேட வேண்டாம். பில் தீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உச்சரிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரெஞ்சில் இரண்டு 'ஊ'. ஒன்று நம் ஊ. மற்றொன்றுக்கு உதட்டை ஊ மாதிரி குவித்து, உள்ளே நாக்கை ஈ சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். கஷ்டப்பட்டு இதைப் பழகியவர்கள் அந்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் தூவுகிறார்கள். போக்கூவில் தூவினால் 'போ க்யூ' ஆகிவிடும். நன்றி, அழகான பின்பக்கம்! மளிகைக் கடைக்காரர் சிரிப்பதற்குக் காரணம் இதுதான். நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை, நடுவில் வரும் க-வை மென்மையாக்கி 'போகூ' என்பது. 'பாக்கு' என்பதில் வருகிற மாதிரி அழுத்துங்கள்.

'த்யூ கூ' பற்றியும் சொல்ல வேண்டும். 'அதனால' என்று பொருள். பிரான்சில் இளைஞர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள், நம் 'வந்து...' மாதிரி. பிரெஞ்சு மொழியின் காவலரான அகாடெமி ஃபிரான்சேஸ் கூட முகம் சுளித்துப் பார்த்தது. ஒருவரும் நிறுத்தவில்லை.

மாடிப்படிக்கு வருவோம். அலமாரி ஏறிவிட்டது. இப்போது அந்த அம்மா, "ஒரு கூ குடிப்போமா?" என்கிறார். நம்மவர் பூரித்துப்போய் "மெர்சி" என்று கையைக் காட்டுகிறார். எதையாவது நீட்டும்போது வெறும் மெர்சி சொன்னால் 'வேண்டாங்க' என்று எடுத்துக்கொள்வார்கள். 'வொலோந்தியே' (சந்தோஷமா) என்றிருக்க வேண்டும். அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.