குட்டித் தக்காளி: விதை முதல் பழம் வரை, விளக்கொளியில் ஒரு சுற்று

மைக்ரோ டாம் என்று ஒரு தக்காளி ரகம் இருக்கிறது. செடி ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிடும். தொட்டியில் அழகுக்கு வைக்கலாம் என்று 1989இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டும் ஹார்பாவும் வெளியிட்ட ரகம் அது. இடம் குறைவாகப் பிடிப்பதாலும் சீக்கிரம் காய்ப்பதாலும் இன்று உலகெங்கும் தாவர ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள். வெயில் எட்டாத ஓர் அறையில், எல்.இ.டி. விளக்கின் கீழ், விதை போட்டதிலிருந்து பழம் பறித்தது வரை ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டேன். போகிற வழியில் குறித்துவைத்ததைக் கோத்து இங்கே எழுதுகிறேன்.

இந்தச் செடி மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம், அது தானாகவே பூக்கிறது என்பதுதான். பூப்பதற்குப் பல செடிகள் இரவின் நீளத்தைப் பார்க்கும். சாமந்தி, சோயா, கஞ்சா எல்லாம் இரவு நீள ஆரம்பித்த பிறகுதான் மொட்டு வைக்கும். கஞ்சாவிலேயே ருடெராலிஸ் என்ற வடக்கத்திக் காட்டு வகை மட்டும் இரவைப் பொருட்படுத்தாமல், வயது வந்ததும் பூத்துவிடும். நாளின் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தெளிவாகத் துலக்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன மேரிலாண்ட் மம்மத் என்ற புகையிலையை, பகல் முடியுமுன்பே இருட்டறைக்குள் தள்ளி வைத்தார்கள். பூத்துவிட்டது. 1920இல் அதை வெளியிட்டபோதுதான் ஒளிக்காலத்துவம் என்ற துறையே பிறந்தது.

தக்காளி பகல் நடுநிலைத் தாவரம், அதாவது பகல் நீண்டாலும் குறைந்தாலும் பூக்கும். அதன் காட்டு மூதாதைகளுக்கு நாளின் நீளம் ஒரு பொருட்டாக இருந்தது. எஸ்.பி.5ஜி என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் வளர்ப்புத் தக்காளி அந்தக் கட்டை அறுத்துக்கொண்டது என்று 2017இல் காட்டினார்கள். குட்டி ரகங்களில் இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று, 1914இல் புளோரிடாவில் ஒரு வயலில் தானாகத் தோன்றிய மாற்றம். அது இருந்தால் செடி ஓரளவு வளர்ந்து, நுனியில் பூக்கொத்து வைத்து நின்றுவிடும். இன்னொன்று குள்ளத்தன்மை. செடி நீள்வதற்கு வேண்டிய பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோன் அதற்குக் குறைவாகத்தான் சுரக்கும்.

வளர்ப்பவருக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு. கொடி போல வளர்கிற தக்காளிக்கு ஆரம்பத்தில் ஏதாவது அடிபட்டாலும் பின்னால் அது ஈடுகட்டிக்கொள்ளும். குட்டித் தக்காளிக்கு அந்த அவகாசமே கிடையாது. ஆறேழு இலை வந்ததும் மொட்டு வைத்துவிடும், செடி எந்த அளவில் இருந்தாலும் சரி. அதனால் முதல் மாதத்தில் எவ்வளவு இலையும் வேரும் சேர்த்ததோ அதை வைத்துத்தான் பழம். கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

விதையை ஊறவைக்கவில்லை. தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் கலந்து, ஈரப்படுத்திப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுகிற பதத்தில் நிரப்பினேன். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த மறுநிமிடமே விளக்கு வேண்டும். ஒரு பகல் இருட்டில் விட்டாலும் தண்டு நூல் மாதிரி நீண்டுவிடும். சில நாற்றுகள் விதைத்தோலைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டே வெளியே வந்தன. விதையிலை இரண்டும் அதற்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு சொட்டு நீரை அதன் மேல் நிற்க வைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் தோல் இளகியிருக்கும், விரல் நுனியால் தொட்டாலே கழன்று வரும்.

நாற்றழுகல்தான் இந்தக் கட்டத்தின் பெரிய எதிரி. மண் மட்டத்தில் தண்டு சுருங்கி, கறுத்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிர்களின் வேலை. வந்த பிறகு காப்பாற்ற முடியாது. மேல்மண்ணைச் சற்றுக் காயவிட்டு, சின்ன விசிறியால் லேசாகக் காற்று ஓடவிட்டால் வராது. காற்றில் ஆடிக்கொண்டே இருப்பதால் தண்டும் பருமனாகும்.

இதற்கு மேல் ஒரு சோதனை வைத்தேன். ஒரே பொட்டலத்து விதையில் பாதியை நேராக இரண்டு லிட்டர் தொட்டியில் போட்டேன். மீதியைச் சின்னக் கப்பில் போட்டு, வேர் சுவரைச் சுற்ற ஆரம்பித்த பிறகும் வேண்டுமென்றே அதிலேயே வைத்திருந்து, மொட்டு தெரிந்த பின்தான் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மொட்டு வைத்தன. ஆனால் நேராகப் போட்டவை தொட்டி வாயை மறைக்கும் அளவுக்கு விரிந்திருந்தன. கப்பில் கிடந்தவை கைக்குள் அடங்கின. மாற்றிய பிறகு அவை பச்சை கட்டி நன்றாகத்தான் இருந்தன, நோய் நொடி இல்லை. காய் மட்டும் பாதிக்கும் கீழேதான். இடம் கிடைத்தபோது அவற்றின் வளர்ச்சிக் காலம் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே குட்டித் தக்காளியை அது கடைசிவரை இருக்கப்போகிற தொட்டியிலேயே விதையுங்கள். நாற்றுவிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் விதையிலைக்குப் பிறகு இரண்டு மூன்று நிஜ இலை வந்ததுமே, வேரைக் கலைக்காமல், மண்ணோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பெரிய தொட்டியில் சின்ன நாற்று என்றால் நீரில் கவனம் வேண்டும். தொட்டி முழுக்க நனைத்தால் வேர் எட்டாத இடமெல்லாம் புளித்துப்போகும். செடியைச் சுற்றி ஒரு வளையமாக ஊற்றி, செடி விரிய விரிய வளையத்தையும் அகலமாக்கினேன். பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. காய்ந்த தொட்டியின் எடை கைக்குத் தெரிந்துவிடும்.

நார்க்கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் ஏறியிருக்கும். அவை விலகும் இடத்தில் கால்சியம் போய் ஒட்டிக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. அதனால் முதலிலேயே நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, வடித்துவிட்டுத்தான் பயன்படுத்தினேன். கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட், சல்பேட் உள்ள உரத்தையும் அடர்கரைசலாக ஒன்றாகக் கலக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். உரநீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு ஈ.சி.; நாற்றுக்கு அது 1 போதும். காய் பிடித்த பிறகு 2 வரை ஏற்றினேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 6க்கும் 6.5க்கும் நடுவில்.

விளக்கு. இதில்தான் அதிகம் யோசித்தேன். செடிக்கு வேண்டியது ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற கணக்கு. ஒளித்துகள்களை மோல் என்ற அலகில் எண்ணுவார்கள். இலை மட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 300 மைக்ரோமோல், 16 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 17 மோல் சொச்சம் வரும். தோட்டத்துப் பெரிய தக்காளி 20க்கு மேல் கேட்கும். குட்டிக்கு இது போதுமானதாக இருந்தது. தனிக் கருவி இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவான லக்ஸைக் கைபேசியில் பார்க்கலாம். வெள்ளை எல்.இ.டி.யில் ஏறத்தாழ 20,000 லக்ஸ் காட்டினால் 300 மைக்ரோமோல் என்று கொள்ளலாம். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

தானே பூக்கிற செடிதானே, 24 மணி நேரமும் விளக்கெரித்தால் இன்னும் வேகமாக வளருமே என்று தோன்றும். தக்காளியிடம் அது நடக்காது. இருட்டே இல்லாமல் வைத்தால் இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு விழுந்து, செடி நலிந்துவிடும். பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம் இது. காட்டுத் தக்காளியில் இருக்கும் ஒரு மரபணு அந்தப் பாதிப்பைத் தாங்க உதவுகிறது என்று 2014இல்தான் கண்டுபிடித்தார்கள். டைமரில் 16 மணி வைத்தேன். இரவில் அறை கொஞ்சம் குளிர்ந்ததும் செடிக்கு நல்லதாகவே போயிற்று.

இலையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுவார்கள். குள்ள ரகத்தின் இலை கரும்பச்சையாக, தடித்து, சுருக்கம் விழுந்துதான் இருக்கும். ஹார்மோன் குறைவால் வரும் இயல்பு அது. எல்லாச் செடியும் முதல் நிஜ இலையிலிருந்தே ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் கவலை வேண்டாம். நேற்றுவரை நன்றாக இருந்த ஒரு செடியில் மட்டும் புது இலை மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் மஞ்சளானால், அது வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு நச்சுயிரியாக இருக்கலாம்; அந்தச் செடியை உடனே பிரித்துவிடுங்கள். இலையின் அடியில் பொரிப்பொரியாகக் கொப்புளம் வந்தால் அது வேறு. புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கின் கீழ் தக்காளிக்கு அப்படி வருவதுண்டு, தொற்று கிடையாது. எனக்கும் கீழ் இலைகளில் வந்தது, காய்ப்பைத் தொடவில்லை.

பக்கக் கிளையைக் கிள்ளவே கூடாது. கொடித் தக்காளிக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே கொண்டுவந்தால் காய்க்கிற கிளையைத்தான் நாம் எடுத்துப் போடுவோம்.

முதல் பூ விரிந்தது. அதன் நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான குழாய் அது. மகரந்தம் அந்தக் கூம்பின் உள்பக்கமாகத்தான் வெடித்து உதிரும், சூல்முடியும் அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே வேறு செடி வேண்டியதில்லை, அதிர்வு மட்டும் வேண்டும். வெளியே காற்றும் தச்சுத் தேனீ போன்ற ரீங்கரித்து அதிரும் வண்டுகளும் அதைச் செய்துவிடும். மூடிய அறையில் நாம்தான் செய்ய வேண்டும். மின் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் ஒரு நொடி வைத்தேன். கீழே கறுப்புத் தாள் பிடித்துப் பார்த்தால் வெளிர் மஞ்சளாக மெல்லிய தூள் புகை போல இறங்குவது தெரிகிறது. அறை வறண்டிருக்கும் வேளையில்தான் அப்படிக் கொட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் தூள் கட்டிக்கொள்ளும், 32 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் மகரந்தமே வீரியம் இழந்துவிடும்.

காய் பிடித்ததா என்பதை இதழ் வாடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். பூக்காம்பின் நடுவில் கணு மாதிரி ஒரு முட்டு இருக்கும். அந்த இடம் மஞ்சளானால் பூ அங்கேயே உடைந்து விழப்போகிறது. பச்சையாகவே இருந்து கொஞ்சம் தடித்தால் பிடித்துவிட்டது. தினமும் காலையில் இந்த முட்டுகளைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

காய்கள் பட்டாணி அளவு வந்தபோது நீர் கேட்பது பலமடங்கானது. இங்கே தொட்டி ஒருமுறை முழுக்கக் காய்ந்து, பிறகு நனைந்தால், காயின் அடி கறுத்துத் தோல் போலாகும் நுனியழுகல் வரும். கால்சியம் நீரோட்டத்தோடுதான் காய்க்குப் போகும். நீரை ஆவியாக விடுவதில் இலை முந்திக்கொள்ளும். நீர் குறைந்த நாளில் காய்க்குப் பங்கு கிடைக்காது. மண்ணில் கால்சியம் நிறைய இருந்தாலும் இது வரும் என்பதால், உரம் சேர்ப்பதைவிட நீரை ஒரே சீராக வைப்பதுதான் தீர்வு. தொட்டிக்கு அடியில் திரி போட்டு நீர்த்தட்டில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கவலையே இல்லை.

விதை போட்டு மூன்று மாதத்துக்குள் முதல் பழம் சிவந்தது. சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் 20 முதல் 25 டிகிரியில் நன்றாகச் சேரும்; 30க்கு மேல் தடைபட்டு, பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும். அதனால் பழுக்கிற பருவத்தில் சூடு குறைய விளக்கைச் செடியிலிருந்து சற்று மேலே தூக்கிவைத்தேன். சுவையை மறைக்காமல் சொல்கிறேன்: தோல் கொஞ்சம் கெட்டி, புளிப்பு மிதம், இனிப்பு சுமார். சுவைக்காகவே வளர்க்க நினைப்பவர்கள் குட்டி ரகங்களில் ஆரஞ்சு ஹாட்டையும் ரெட் ராபினையும் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம், வளர்ப்பு முறை இதேதான்.

மைக்ரோ டாம் கலப்பின ரகம் இல்லை, எடுத்து வைக்கும் விதை தாய்ச்செடி மாதிரியே வரும். பெரிய தொட்டியில் நேராக விதைத்த கூட்டத்தில், பரவலாக விரிந்து நிறையக் காய்த்த செடியைத் தேர்ந்து, அதன் பழங்களைச் செடியிலேயே நன்றாகக் கனியவிட்டேன். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பதைத் தடுக்கும். அதைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். கழுவி, பீங்கான் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நிழலில் காயவைத்தேன். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. நகத்தால் அழுத்தினால் வளையாமல் இருக்கும் வரை காய்ந்த பிறகு, ரகமும் ஆண்டும் எழுதிய உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் மூடினேன். அடுத்த சுற்றில் இதே விதையை 14 மணி, 18 மணி என்று இரண்டு தட்டாகப் பிரித்து, மொட்டு எந்த இலையில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கப் போகிறேன்.