கையில் ஒட்டிய வைட்டமின் மாத்திரை

கைக்கடிகாரப் பட்டையை இரண்டு துளை தள்ளிப் போட வேண்டி வந்தது. முதல் அடையாளம் அதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வீடு மாற்றியிருந்தோம். புத்தகப் பெட்டிகளை ஆள் வைக்காமல் நானே மாடி ஏற்றினேன். வலது முன்கை வீங்கியதும், பாரம் தூக்கிய வினை, தானாக வடியும் என்று விட்டுவிட்டேன். வலி பெரிதாக இல்லை. விறைப்புதான். தோலுக்கு அடியில் யாரோ ஈரத் துணியைச் சுற்றி முறுக்கிக் கட்டி, அது காய்ந்து இறுகியது போல.

மூன்றாவது வாரம் எக்ஸ்ரே. எலும்பில் குறை ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம், ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன். அடைப்பு இல்லை, "தோலடியில் லேசான நீர்க்கோவை, மற்றபடி இயல்பு" என்று அறிக்கை வந்தது. அந்த 'இயல்பு' என்ற சொல்லை நம்பி இன்னும் ஒரு மாதத்தை வீணடித்தேன். இப்போது யோசித்தால் இரண்டு படங்களுமே பொய் சொல்லவில்லை. ஒன்றிடம் எலும்பைப் பற்றிக் கேட்டார்கள், இன்னொன்றிடம் ரத்தக் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் வந்தது.

மூட்டுவாத மருத்துவரிடம் போனபோது அறிக்கைகள் இருந்த ஃபைலை நீட்டினேன். அவர் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்" என்றார். தூக்கினேன். முன்கையின் உட்புறத்தில், நரம்பு புடைத்துத் தெரிய வேண்டிய இடத்தில், வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம் விழுந்தது. சுற்றியிருந்த தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி குழியாக இருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த கை. ஒருமுறைகூட நான் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. பிறகு கைகூப்பச் சொன்னார். உள்ளங்கைகள் ஒட்டவில்லை, நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. குளிரில் விரல் நுனி வெளுக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு, ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 2,300. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவும் ஏறியிருந்தது. அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னார்: ஈசினோஃபிலிக் ஃபேசியைட்டிஸ். தசைகளைப் போர்த்தியிருக்கும் உறைக்கு ஃபேசியா என்று பெயர். அந்த உறை அழற்சியால் தடித்துப்போகிற அரிய நோய். 1974இல் ஷுல்மன் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். கடுமையாக உடலை வருத்திய பிறகு தொடங்கியதாகச் சொல்பவர்கள் பலர் உண்டாம். புத்தகப் பெட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு மாத்திரையை அன்றே தந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. "மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் படத்தில் தெரிய வேண்டியது மங்கிவிடும். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு திசுவைத் துண்டாக வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி, அதன் பிறகுதான் மருந்து" என்றார். சீட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். வலது முன்கை, முழங்கை முதல் மணிக்கட்டு வரை, ஃபேசியா தடித்திருக்கிறதா, பயாப்ஸிக்கு இடம் காட்டவும். அத்தனை நாள் அலைச்சலில் ஃபேசியா என்ற சொல் இருந்த முதல் சீட்டு அதுதான்.

ஸ்கேன் அன்று, படம் தெளிவாகத் தெரிய நரம்பில் செலுத்தும் கடோலினியம் மருந்துக்காகச் சிறுநீரகப் பரிசோதனை முடிவைச் சரிபார்த்தார்கள்; உடலுக்குள் உலோகம் எதுவும் உண்டா என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார் டெக்னீஷியன். கை இவ்வளவு வீங்கியிருக்கிறதே, வெட்டித்தான் எடுக்க வேண்டுமோ என்று அவருக்குக் கவலை. மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தது. இருவரும் விரலையே பார்த்தோம். பெரும்பாலும் விரல்களை விட்டுவைப்பது இந்த நோயின் குணம் என்றும், விரலில் இருந்தே தோல் இறுகத் தொடங்கும் ஸ்கிளீரோடெர்மா என்ற வேறொரு நோயிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவும் ஒரு துப்பு என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

"எந்த இடத்தில் அதிகம் இறுகியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். கிண்டல் செய்கிறாரோ என்று தோன்றியது. உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் புள்ளியாகத் தெரியுமாம். நான் காட்டிய இடத்துக்கு அடையாளம்.

குப்புறப் படுத்து வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி வைக்க வேண்டும். கையைச் சுற்றி காயில் என்கிற கூடு. நாற்பது நிமிடம். சத்தத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். தோளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பத்தாவது நிமிடம் தோள் கெஞ்சத் தொடங்கியது, விரல் தானாக நடுங்கியது, ஒரு வரிசைப் படங்கள் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள். இந்தப் படுக்கையில் போகிறவர்கள் தோளுக்கு அடியில் சிறு தலையணை கேட்டு வாங்குங்கள். இரண்டாம் முறை நான் கேட்டு வாங்கினேன். கடைசியில் இடது கை வழியாக மருந்து ஏறியபோது நரம்போடு ஒரு குளிர்ச்சி ஓடியது, அவ்வளவுதான்.

படத்தை மருத்துவர் திரையில் காட்டினார். குறுக்கே அறுத்த மரத்துண்டு போல இருந்தது என் கை. முதல் படத்தில் தோலடிக் கொழுப்பு வெள்ளை, தசை சாம்பல், ஓரத்தில் அந்த மாத்திரை பளிச்சென்று. அடுத்தது கொழுப்பை மறைத்து நீரை மட்டும் ஒளிரவிடும் படம். கொழுப்பு கறுத்தது, கூடவே மாத்திரையும் காணாமல் போனது, அதுவும் எண்ணெய்தானே. அந்தக் கறுப்பில், தசைகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தது போல வெள்ளைக் கோடு. சில இடங்களில் தசைகளுக்கு நடுவிலும் நுழைந்திருந்தது. உள்ளே தசை பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. கோடு மிகத் தடித்திருந்தது நான் காட்டிய இடத்தில் இல்லை. நான்கு விரல் தள்ளி, உட்பக்கம். "உங்கள் மாத்திரை இங்கே, நான் வெட்டப்போவது இங்கே" என்று அறுவை மருத்துவர் பேனாவால் தோலில் குறித்தார்.

தோலில் சின்னத் துளை போட்டு எடுக்கும் பயாப்ஸி பெரும்பாலும் ஃபேசியா வரை எட்டாது. தோல் முதல் தசை வரை ஒரே துண்டாக எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை. தையல்தான் அரித்துக்கொண்டே இருந்தது. உறை தடித்து, அதில் அழற்சி அணுக்களோடு ஈசினோபில்களும் நிறைந்திருப்பதாக முடிவு வந்தது. படம் சந்தேகத்தை இறுக்கியது. நோயை உறுதி செய்தது அந்தத் துண்டுதான்.

அன்று மாலையே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சில வாரம் கழித்து, நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒரே ஒரு நாள். தினமும் போட்டுவிடக் கூடாது என்று நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

ஈசினோபில் சீக்கிரமே இறங்கிவிட்டது. தோல் மட்டும் கல்லாகவே இருந்தது. மருந்து கேட்கவில்லையோ என்று பயந்தேன். நான்கு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இந்த முறை மாத்திரையைத் தழும்பின் மேல் ஒட்டினார்கள். வெள்ளைக் கோடு தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு மெலிந்திருந்தது. அழற்சி அடங்கிவிட்டது, மிச்சம் இருப்பது தழும்பு போன்ற இறுக்கம், அது மெதுவாகத்தான் விடும் என்று சொல்லி ஸ்டீராய்டைக் குறைத்தார் மருத்துவர்.

வெளியே வரும் முன் கைகூப்பச் சொன்னார். உள்ளங்கைகளுக்கு நடுவே இப்போது ஒரு பென்சில்தான் நுழையும்.